கதவின் அடியில் ஒளிந்திருந்த துரு: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

ஞாயிறு

நான் (காலை 8.12): எல்லோருக்கும் வணக்கம். காரைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தபோது, இடப்பக்கப் பின்கதவின் அடி விளிம்பில் நகக்கண் அளவில் 3 கொப்புளங்கள் கண்ணில் பட்டன. படம் அனுப்பியுள்ளேன். விரலால் அழுத்தினால் பெயிண்ட் உள்ளே அமுங்குகிறது. வண்டிக்கு 17 வயதாகிவிட்டது. உப்புத்தாளால் தேய்த்து, பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) வைத்து, பெயிண்ட் அடித்துவிட்டால் போதுமா?

அத்தான் (8.20): எங்கள் பழைய வண்டியில் அப்படித்தான் செய்து தந்தார்கள். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அதே இடம் மீண்டும் உப்பி, பட்டி ஒரு துண்டாகப் பெயர்ந்து விழுந்தது. அதன் பின்னால் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது. அந்த வேலைக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

பெரியப்பா (8.47): தம்பி, அவசரப்பட்டு உப்புத்தாளை எடுக்காதே. கல் பட்டுப் பெயிண்ட் உரிந்த இடத்தில் துரு வெளியிலிருந்து தொடங்கும், அதைத் தேய்த்துச் சரிசெய்துவிடலாம். கதவின் அடி விளிம்பில் கொப்புளம் எழுந்தால் துரு பெரும்பாலும் உள்ளிருந்துதான் வருகிறது. கதவின் வெளித்தகட்டை உட்சட்டத்தின் விளிம்பைச் சுற்றி மடித்து அழுத்தியிருப்பார்கள். அந்த மடிப்புக்குள் புகுந்த ஈரம் எளிதில் காயாது. அங்கே பிடித்த துரு இரும்பைப் போலப் பல மடங்கு இடம் அடைத்துக்கொள்வதால் தகடுகளைப் பிளந்துகொண்டு வெளியே தள்ளுகிறது. நீ பார்ப்பது அதன் கடைசிக் கட்டம்.

அக்கா (9.05): கண்ணாடியின் ஓரத்தில் ரப்பர் பீடிங் இருக்கிறதே, பிறகு எப்படிப் பெரியப்பா தண்ணீர் உள்ளே போகிறது? சென்ற வாரம் அந்த வண்டியின் பின்னிருக்கையில் உட்கார்ந்தபோது காலடி விரிப்பு ஈரமாக இருந்தது. கதவை மூடும்போது உள்ளே தண்ணீர் தளும்பும் ஓசையும் கேட்டது.

பெரியப்பா (9.31): நீ சொன்ன இரண்டும் முக்கியமான தடயங்கள் அம்மா. அந்தப் பீடிங் தண்ணீரை முழுவதும் தடுப்பதற்காக வைக்கப்பட்டதன்று. கண்ணாடியில் வழியும் மழைநீரில் ஒரு பங்கு கதவுக்குள் இறங்கி, அடியில் உள்ள சிறு துளைகள் வழியாக வெளியேறும்படிதான் கதவையே வடிவமைத்திருக்கிறார்கள். தூசியும் இலைத்துணுக்குகளும் சேர்ந்து அந்தத் துளைகளை அடைத்துவிட்டால் கதவு தொட்டியாகிவிடும், தளும்பும் ஓசை அதனால்தான். விரிப்பு நனைகிறதென்றால், டோர் பேடுக்கு, அதாவது கதவின் உட்புற அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பாலித்தீன் தாள் கிழிந்திருக்க வேண்டும் அல்லது அதன் பசை விட்டிருக்க வேண்டும். இன்றே வயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் கேபிள் டை ஒன்றை அந்தத் துளைகளில் மெதுவாக நுழைத்து அடைப்பை எடுத்துவிடு தம்பி. ஆணியோ திருப்புளியோ வேண்டாம், அவை இருக்கிற பெயிண்டையும் கீறிவிடும்.

நான் (11.40): செய்தேன் பெரியப்பா. 3 துளைகளில் 2 முழுவதும் அடைந்திருந்தன. அடைப்பு விலகியதும் ஒரு குவளை அளவுக்குக் கறுப்பும் செம்பழுப்புமாகத் தண்ணீர் கொட்டியது.

பெரியப்பா (12.02): அப்படியானால் 4 கதவுகளையும் திறந்து பார்த்தாக வேண்டும். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் காத்திரு. சில வண்டிகளில் பக்கவாட்டு ஏர்பேக்கிற்கான உணரி கதவுக்குள்ளேயே இருக்கும். பிறகு டோர் பேடைக் கழற்றி, பாலித்தீன் தாளைக் கிழிக்காமல் உரித்து, கைப்பேசிக் கேமராவையும் டார்ச்சையும் உள்ளே விட்டு அடிமடிப்பு முழுவதையும் படமெடு. வெளியே திருப்புளியின் கைப்பிடியால் அடி விளிம்பு நெடுகத் தட்டிப் பார். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்த தகடும் பட்டி பூசிய இடமும் மந்தமாக ஒலிக்கும். மெல்லிய துணி சுற்றிய காந்தம் ஓரிடத்தில் பிடிக்காமல் நழுவினால், அங்கே யாரோ முன்பே பட்டி பூசியிருக்கிறார்கள்.

புதன்

நான் (மாலை 6.15): பார்த்துவிட்டேன். முன்கதவுகள் இரண்டும், வலப்பக்கப் பின்கதவும் உள்ளே மேலோட்டமாகவே துருப்பிடித்துள்ளன, கூர்மையான ஊசியால் குத்தினாலும் தகடு உறுதியாக நிற்கிறது. இடப்பக்கப் பின்கதவின் நிலைதான் மோசம். கொப்புளம் 3 இடங்களில்தான் தெரிந்தது, ஆனால் உள்ளே ஏறத்தாழ ஒரு சாண் நீளத்துக்கு மடிப்பு அடுக்கடுக்காக உரிகிறது. 2 இடங்களில் ஊசி மறுபக்கம் வந்துவிட்டது. காந்தமும் ஓரிடத்தில் நழுவியது.

அத்தான் (6.22): எங்களுக்கு நடந்ததேதான். இதன்மேல் மறுபடியும் பட்டி வைக்க விட்டுவிடாதே.

பெரியப்பா (6.58): பட்டி மீது எனக்குப் பகையில்லை. உறுதியான தகட்டின் மேல், நெளிவைச் சமன்செய்ய மெல்லியதாகப் பூசினால் அது நல்ல பொருள். ஓட்டையை அடைக்க வைத்தால், பின்பக்கத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சி, அதைத் தகட்டோடு ஒட்டவைத்தே அரிக்கச் செய்யும். இந்தக் கதவில் அரித்த பகுதியை, பளபளக்கும் நல்ல இரும்பு வரும் வரை வெட்டி எடுக்கச் சொல். அதே கனத்தில், அதாவது 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டர் தகட்டை வளைத்து வெல்டிங் செய்ய வேண்டும். நீளமாக ஒரே இழுப்பில் பற்றவைத்தால் வெளித்தகடு சூட்டில் நெளிந்துவிடும், ஆகவே விட்டுவிட்டுப் புள்ளிகளாக வைத்து ஆறவிட வேண்டும். பாலித்தீன் தாள், வயர்கள், ரப்பர்கள் எல்லாம் முன்பே வெளியே வந்துவிட வேண்டும், இல்லையெனில் தீப்பிடிக்கும். மோதலைத் தாங்குவதற்காகக் கதவின் குறுக்கே ஓர் இரும்புச் சட்டம் இருக்கும். அது அரித்திருந்தால் ஒட்டுப்போடும் பேச்சே வேண்டாம், கதவையே மாற்றிவிடு.

நான் (7.10): அந்தச் சட்டம் நன்றாக இருக்கிறது பெரியப்பா. மற்ற 3 கதவுகளை நானே செய்யலாமா?

பெரியப்பா (7.34): தாராளமாகச் செய்யலாம். கம்பி பிரஷ்ஷால் உதிரும் துருவை எல்லாம் எடு. கை எட்டாத குழிகளில் மட்டும் துருமாற்றித் திரவம் (எஞ்சிய துருவை அரிக்காத படலமாக மாற்றுவது) தடவி, அதன் டப்பாவில் எழுதியிருக்கும் நேரம்வரை காயவிடு. பிறகு எபாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சு, அதன்மேல் மடிப்பை மூடும் சீலர், கடைசியாகப் பெயிண்ட். பெயிண்ட் நன்றாகக் காய்ந்த பிறகே, ஈரம் அண்டாமல் காக்கும் மெழுகை உள்ளே பீய்ச்ச வேண்டும், மெழுகு பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாது. மெழுகு வெயிலில் இளகி மடிப்புக்குள் ஊடுருவும், ஆனால் அதுவே துளைகளையும் அடைத்துவிடக்கூடும்.

அடுத்த ஞாயிறு

நான் (மாலை 4.50): வெல்டிங் முடிந்து கதவு நேற்று வந்தது. மற்ற கதவுகளின் வேலையும் முடிந்து, எல்லாவற்றிலும் மெழுகு பீய்ச்சி, துளைகளை மறுபடி திறந்துவிட்டு, கிழிந்த தாளுக்குப் பதிலாகப் புதுத் தாளைப் பியூட்டைல் நாடாவால் (ரப்பர் போன்ற ஒட்டும் பட்டை) ஒட்டினேன். ஒவ்வொரு கண்ணாடியின் ஓரத்திலும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். 4 கதவுகளிலும் எல்லாத் துளைகள் வழியாகவும் வடிந்துவிட்டது.

அக்கா (4.56): உள்ளே விரிப்பைத் தொட்டுப் பார்த்தாயா?

நான் (5.03): இப்போதுதான் தொட்டுப் பார்த்தேன் அக்கா. காய்ந்திருக்கிறது.