புதுப்பிப்பு: பழைய கணினிகளில் கிளவுட் டெஸ்க்டாப், காரைக்குடி நிலவரம்

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10 ஆதரவு முடிந்ததால், விண்டோஸ் 11 ஏறாத கணினிகளைத் தூக்கிப் போடுவதா, கிளவுட் டெஸ்க்டாப்புக்கு (விண்டோஸ் இணையத்தில் எங்கோ ஒரு சர்வரில் ஓடும், நம் கணினி அதைக் காட்டும் திரை மட்டும்) போவதா என்று முன்பு கேட்டிருந்தேன். மைக்ரோசாஃப்டின் கிளவுட் டெஸ்க்டாப் சந்தாவான விண்டோஸ் 365-க்குப் போய்விட்டோம். அந்தச் சந்தா இருந்தால், அதனுடன் இணைகிற பழைய விண்டோஸ் 10 கணினிக்கும் நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் தனிக் கட்டணமில்லாமல் கிடைக்கிறது, அதுதான் இந்த முடிவுக்குத் தள்ளியது.

வேகத்தில் குறையில்லை. ஆனால் எங்கள் இடம் பழைய செட்டிநாட்டு வீடு, முகப்பிலிருக்கும் வைஃபை அந்தச் சுவர்களைத் தாண்டி இரண்டாம் கட்டுக்கு வருவதாக இல்லை, கேபிளே இழுத்தோம்.

உயிரை வாங்கியது டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்தான். கிளவுட் டெஸ்க்டாப்பிலிருந்து இங்குள்ள பிரிண்டருக்கு அனுப்பும் ‘ஈஸி பிரிண்ட்’ என்ற பொது டிரைவர் எழுத்தையெல்லாம் படமாக்கி அனுப்ப, ஒரு பில்லுக்குள் டீ குடித்துவிட்டு வரலாம். குரூப் பாலிசியில் (விண்டோஸின் நிர்வாக அமைப்புகள்) ஈஸி பிரிண்ட் முன்னுரிமையை முடக்கி, அந்த பிரிண்டரின் டிரைவரையே கிளவுடில் ஓடும் விண்டோஸிலும் போட்ட பிறகு பழைய வேகம் வந்தது.

அப்புறம், கரண்ட் போனாலும் பாதி டைப் செய்த வவுச்சர் கிளவுடில் அப்படியே இருக்கிறது. திரும்ப இணைந்தால் விட்ட இடம். கணக்கப்பிள்ளை அண்ணன், “தம்பி, இதை முன்னாடியே போட்டிருக்கலாமே” என்கிறார்.