பாத்ரூம் டைல்ஸ் பெயர்த்தாயிற்று, மேல்பூச்சு இல்லாமல் புது டைல்ஸ் ஒட்டலாமா?

கேள்வி:
5 அடிக்கு 7 அடி பாத்ரூம். பழைய டைல்ஸ் முழுக்க எடுத்தாயிற்று. சில இடத்தில் பழைய கலவை அப்படியே நிற்கிறது, ஷவர் பக்கம் செங்கல் தெரிகிறது. பள்ளம் ஒன்றரை அங்குலம் வரை இருக்கிறது. ஒரு பக்கம் நாலரை அங்குலச் சுவர், அதற்கு அந்தப்புறம் படுக்கையறை. டைல் ஒட்டும் பசையான அட்ஹெசிவையே கனமாகப் போட்டு மட்டம் பிடித்துவிடலாம் என்கிறார் கொத்தனார். டைல்ஸ் 2 அடிக்கு 1 அடி, விட்ரிஃபைட். செய்யலாமா?

பதில் 1:
செய்யாதீர்கள். சுவர் அட்ஹெசிவ் பொதுவாக 3 முதல் 6 மி.மீ. கனத்துக்கானது. ஒன்றரை அங்குலம் அப்பினால் ஈரத்தில் டைல் சரியும், காயும்போது பசை சுருங்கிப் பிடிப்பு விடும்.

முதலில் சுத்தியலால் சுவர் முழுக்கத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் பழைய கலவை இருக்கட்டும், லேசாகக் கொத்திவிட்டால் போதும். பொக்குச் சத்தம் வந்தால் கை அகலம் என்றாலும் செங்கல் வரை எடுத்தாக வேண்டும். நாலரை அங்குலச் சுவரில் பிரேக்கர் மெஷின் வேண்டாம். செங்கல் ஆடும், படுக்கையறைப் பூச்சும் விரிசல் விடும். உளியும் சுத்தியலும்தான்.

தூசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். ஆழமான பள்ளங்களை செங்கல் துண்டும் 1:4 கலவையும் (சிமெண்ட் 1, மணல் 4) வைத்து முதல் நாளே அடையுங்கள். மறுநாள் சுவரை நனைத்து, 12 முதல் 15 மி.மீ. பூச்சு. மேல்பரப்பை வழவழப்பாகத் தேய்க்க விடாதீர்கள், மரப்பலகை தேய்ப்போடு நிறுத்தச் சொல்லுங்கள். 2 மீட்டர் மட்டப்பலகை வைத்தால் அடியில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது.

பதில் 2:
பழைய கலவையில் புதுப் பூச்சு பிடிக்க எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் என்ற பிடிப்புத் திரவத்தைத் தண்ணீரும் சிமெண்டும் சேர்த்து அடிப்பார்கள். அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே பூச வேண்டும். முழுக்கக் காயவிட்டால் பிடிப்புக்குப் பதில் வழுக்கும் படலமாகிவிடும். அரைச்சுவர் அளவுக்குள் பூசி முடிக்கும்படி கொஞ்சம் கொஞ்சமாக அடியுங்கள்.

பூசுவதற்கு முன் பைப்பை எண்ட் கேப் போட்டு மூடி, பிரஷர் டெஸ்ட் எடுங்கள். சுவருக்குள் பதிக்கும் ஷவர் வால்வான டைவர்டரின் பிளாஸ்டிக் மூடியில் குறைந்தபட்ச, அதிகபட்சக் கோடுகள் இருக்கும். டைலின் முகம் அந்த இரண்டுக்கும் நடுவில் வர வேண்டும். பூச்சு 15 மி.மீ., அட்ஹெசிவ் 5, டைல் 9 என்று கூட்டிப் பாருங்கள். தரையில் நிற்கும் கமோடு என்றால், டிராப் தூரத்தையும் (சுவரிலிருந்து கழிவுக்குழாயின் நடு வரை) டைல் முகத்திலிருந்தே அளக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் கடைசியில் டைலை உடைப்பதுதான் வழி.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 7 அடி உயரத்துக்குப் பொருள் எவ்வளவு ஆகும்? பூசி மூன்றாம் நாளே ஒட்டலாமா?

பதில் 1:
கதவு கழித்து ஏறக்குறைய 150 சதுர அடி. முழுச்சுவரும் பூசினால் சிமெண்ட் 2 மூட்டை, பி-சாண்ட் (பூச்சுக்கான செயற்கை மணல்) 9 கன அடி. பள்ளம் அடைக்கத் தனி. அட்ஹெசிவ் 20 கிலோ மூட்டை 4. மூட்டையில் இந்தியத் தர எண் ஐ.எஸ். 15477, டைப் 2 என்று இருக்கிறதா பாருங்கள்.

மூன்றாம் நாள் வேண்டாம். 7 நாள் நனையுங்கள். பூச்சு காயும்போதுதான் சுருக்க விரிசல் வெளிப்படும், டைலுக்குப் பின்னால் வந்தால் உங்களுக்குத் தெரியாது.

பதில் 3:
டைலும் கிரவுட்டும் தண்ணீரைத் தடுத்துவிடும் என்று நம்பாதீர்கள். இரண்டு பொருள் கலந்து அடிக்கும் சிமெண்ட் வகை வாட்டர்ப்ரூஃபிங்கை, ஷவர் பக்கம் 7 அடி வரை, மற்ற சுவர்களில் 1 அடி, தரை முழுக்க அடியுங்கள். இரண்டு கோட், இரண்டாவது முதலுக்குக் குறுக்கே. தரையும் சுவரும் சேரும் மூலையில் கலவையால் சரிவாக வழித்து, கண்ணாடியிழை வலை பதிக்க வேண்டும், முதலில் கசிவது அங்கேதான். கோட் காய்ந்தபின் தரையில் 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பாருங்கள்.

அந்தக் கோட்டின் மேல் சிமெண்ட் பால் தடவி டைல் ஒட்டக் கூடாது, பிடிக்காது. பல்கரண்டியால் (விளிம்பில் பற்கள் உள்ள கரண்டி) அட்ஹெசிவ் இழுத்து ஒட்டி, முதல் இரண்டு டைலைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். நடுவில் வெற்றிடம் இருந்தால் டைல் முதுகிலும் ஒரு கோட் தடவி ஒட்டச் சொல்லுங்கள்.