குடும்பக் குழுவில் மெக்னீசியம் மாத்திரைப் பேச்சு (கோத்தகிரி)

செல்வி சித்தி: பனி தொடங்கியதிலிருந்து ராத்திரியில் கெண்டைக்கால் சதை பிடித்துச் சுண்டி இழுக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா மெக்னீசியம் கிளைசினேட் டப்பா ஒன்று ஆன்லைனில் வாங்கிக் கொடுத்தார், தூக்கமும் நன்றாக வருமாம். 500 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. மாலதி, நீதான் பார்மசியில் இருக்கிறாயே, சாப்பிடலாமா கண்ணு? உன் சித்தப்பாவுக்கும் ஒன்று கொடுக்கலாம் என்று பார்க்கிறேன்.

ராஜு சித்தப்பா: தாராளமாகச் சாப்பிடுங்கள் அண்ணி. தேயிலை மஞ்சளடித்தால் நாம் மெக்னீசியம் சல்பேட்தானே கரைத்து அடிக்கிறோம். பேதி உப்பு என்று விற்பதும் அதுதான். டப்பாவுக்கு எதற்குப் பணம், நம் ஷெட்டிலேயே மூட்டை இருக்கிறது.

மாலதி: ஐயோ சித்தப்பா, அந்த மூட்டையில் இருப்பதை யாரும் வாயில் வைக்காதீர்கள். அது உரம், மருந்துக்கு உண்டான சுத்தம் அதில் இருக்காது. பேதி உப்பாகவே வாங்கினாலும், அதை அளவு மீறிக் குடித்து உயிரே போயிருக்கிறது.

மாலதி: சித்தி, டப்பாவின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். எலிமெண்டல் மெக்னீசியம், அதாவது உள்ளே இருக்கும் மெக்னீசியத்தின் அளவு மட்டும், என்று ஒரு வரி இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும். 500 என்பது கிளைசினேட்டின் எடையாக இருந்தால் உள்ளே மெக்னீசியம் 70 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். மாத்திரையாக எடுப்பதற்கு உச்ச அளவு அமெரிக்காவில் ஒரு நாளைக்கு 350, ஐரோப்பாவில் 250. ராகிக் களி, கீரை, அவரைக்கொட்டை, பயறு இதிலெல்லாம் வருவது அந்தக் கணக்கில் சேராது.

பிரபு: அப்போ அம்மா சாப்பிடலாம்தானே அக்கா?

மாலதி: சித்திக்குச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, அதனால் அந்த உச்ச அளவுக்குள் எடுத்தால் ஆபத்தில்லை, அதிகமானால் வயிறு இளகும், குமட்டும், மீதியைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். ஆனால் காலையில் போடும் தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும், இல்லையென்றால் தைராய்டு மாத்திரை உடம்பில் சேராது. சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் மாதிரி ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தாலும் இதே தொல்லைதான். இன்னொன்று, வயதானவர்களின் கால் பிடிப்புக்கு மெக்னீசியம் பெரிதாகக் கேட்பதில்லை என்றுதான் 2020இல் வந்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பு சொல்கிறது. படுக்கும் முன் சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நன்றாக நீட்டிப் பாருங்கள் சித்தி, முதலில் அதைச் செய்யலாம்.

மாலதி: சித்தி, எனக்குப் பயம் உங்கள் வீட்டுச் சித்தப்பாவை நினைத்துத்தான். போன டெஸ்டில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 2.3 என்று கூடுதலாக வந்ததே, மறந்துவிட்டீர்களா? சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு மெக்னீசியம் வெளியேறாமல் ரத்தத்திலேயே தங்கும். முதலில் அசதி, தூக்கக் கலக்கம், கை கால் பலமில்லாமல் போவது, பிரஷர் இறங்குவது, மிகவும் கூடினால் மூச்சும் இதயத் துடிப்பும் மந்தமாகி நின்றே போகலாம். டாக்டர் சொல்லாமல் அவருக்கு ஒரு மாத்திரைகூடக் கொடுக்காதீர்கள்.

செல்வி சித்தி: கொடுக்கவில்லை கண்ணு. ஆனால் அவர் நெஞ்செரிச்சலுக்கு ஒரு சிரப் குடிக்கிறார், மலச்சிக்கலுக்கு ராத்திரி வெள்ளையாக ஒரு மருந்து. கடையில் கேட்டு வாங்கியதுதான். அதிலும் இது இருக்குமா?

மாலதி: லேபிளில் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு அல்லது மில்க் ஆஃப் மெக்னீசியா என்று இருக்கிறதா?

பிரபு: இரண்டிலும் இருக்கிறது அக்கா. இப்போதுதான் பார்த்தேன்.

மாலதி: இரண்டையும் உடனே நிறுத்துங்கள். சித்தப்பா எப்படி இருக்கிறார்?

செல்வி சித்தி: இந்த வாரம் பகலிலேயே தூங்கி வழிகிறார். குளிருக்கு அப்படி இருக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

மாலதி: சித்தி, நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், இரண்டு பாட்டிலையும் பிரஷர் மாத்திரைகளையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், நீங்களாகவே பாட்டிலை எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

ராஜு சித்தப்பா: ஜீப் எடுத்துக்கொண்டு வருகிறேன் அண்ணி, அண்ணனுக்கு ஸ்வெட்டர் மாட்டிவிடுங்கள், பிரபுவும் கூட வரட்டும்.

மாலதி: பிரபு, ரத்தத்தில் சீரம் மெக்னீசியம் பார்க்க வேண்டுமா என்று நீயே டாக்டரிடம் கேள். வழக்கமாக எடுக்கும் யூரியா, கிரியேட்டினின் டெஸ்டில் அது வராது, தனியாக எழுத வேண்டும். ஈசிஜியும் எடுக்கச் சொல்வார்கள். ரிசல்ட் வந்ததும் எனக்குப் போன் செய், எந்நேரமானாலும் எடுப்பேன்.