கராஜ் தரையில் எபாக்சி உரிகிறது: அதன் மேலேயே ஃப்ளேக் தரை போடலாமா?

கேள்வி

வணக்கம். கராஜ் 6 மீட்டருக்கு 6 மீட்டர், மண்ணின் மேல் நேரடியாகப் போட்ட கான்கிரீட் தளம். பின்சுவரிலிருந்து கதவுப் பக்கம் 6 செ.மீ. வாட்டம் இருக்கிறது. ஆசிட் ஊற்றிக் கழுவி, நீர் சார்ந்த எபாக்சி பெயின்ட் ஒரு கோட் அடித்து 2 ஆண்டு ஆகிறது. முன்சக்கரங்கள் நிற்கும் இடத்தில் பெயின்ட் டயரோடு ஒட்டிக்கொண்டு சில்லு சில்லாகப் பெயர்கிறது. பின்சுவரின் இடது மூலையில் கொப்புளம்; உடைத்தால் உள்ளே வெள்ளைப் பொடி. நடுவில் முடி அளவு விரிசல் ஒன்று குறுக்கே ஓடுகிறது. பழைய ஆயில் கறையும் ஓரிடத்தில் உண்டு.

மற்ற இடங்களில் பெயின்ட் நன்றாகவே இருப்பதால் பெயர்ந்த இடங்களை மட்டும் தேய்த்துவிட்டு, மேலே அலங்கார எபாக்சி போட எண்ணம். மெட்டாலிக் (பளபளக்கும் நிறமி கலந்து ஊற்றுவது) நல்லதா, ஃப்ளேக் (ஈரப் பூச்சின் மேல் நிறச் சில்லுகளைத் தூவுவது) நல்லதா? எவ்வளவு பொருள் வாங்க வேண்டும்?

பதில் 1

டிசைன் பிறகு பார்க்கலாம். முதலில் உரிந்த சில்லுகளைப் பொறுக்கி, அவற்றின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தவறு எங்கே என்று அதுவே சொல்லிவிடும். அடிப்பக்கம் வழவழப்பாக, சுத்தமாக இருந்தால் கான்கிரீட்டில் சொரசொரப்பு இல்லாததால் பெயின்ட் பிடிக்கவே இல்லை. சாம்பல் நிறத்தில் மாவு போல ஒட்டியிருந்தால் பெயின்ட் பிடித்திருக்கிறது, ஆனால் அது பிடித்தது மேலே படிந்த பலவீனமான சிமென்ட் பாலை. அந்தப் படலம்தான் கழன்று வருகிறது. ஈரமாகவோ உப்புப் பூத்தோ இருந்தால் கீழிருந்து ஓதம் ஏறுகிறது.

அடுத்து, "நன்றாக இருக்கிறது" என்று சொல்லும் இடத்தில் பிளேடால் கான்கிரீட் வரை பெருக்கல் குறி போலக் கீறி, நல்ல டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கீறலின் ஓரம் டேப்போடு வந்தால் அந்தப் பெயின்டும் போக வேண்டியதுதான். மேலே எவ்வளவு உயர்ந்த பொருளைப் போட்டாலும், அடியில் இருக்கும் பலவீனமான படலம் எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவுதான் அதுவும் பிடிக்கும்.

டயரில் மட்டும் பெயர்வதற்குக் காரணம் இருக்கிறது. ஓடி வந்த டயர் சூடாக இருக்கும். ரப்பரில் உள்ள மென்மையாக்கும் எண்ணெய்கள் அந்தச் சூட்டில் கசிந்து மெல்லிய பூச்சை இளக்கிவிடும். பிறகு டயர் ஆறிச் சுருங்கும்போது பூச்சையும் சேர்த்து இழுக்கிறது. நீர் சார்ந்த எபாக்சியை 150 மைக்ரான் ஈரத் தடிமனில் அடித்தாலும், அதில் ஏறக்குறைய பாதி ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுகிற 75 மைக்ரானும் சரியாகப் பிடிக்காத தளத்தில் இருந்தால் டயருக்கு அது ஸ்டிக்கர் மாதிரிதான்.

கேட்டவர்

டயர் இடத்துச் சில்லுகளில் சாம்பல் மாவு. மூலையில் எடுத்ததில் உப்பு. நல்ல இடம் என்று நினைத்த இடத்திலும் டேப்போடு இரண்டு விரல் அகலத்துக்கு வந்துவிட்டது. மொத்தமும் எடுக்கிறேன். மறுபடி ஆசிட் போட்டால் போதுமா, கிரைண்டர் கட்டாயமா?

பதில் 2

கிரைண்டர் கட்டாயம். பெயின்ட் மூடிய இடத்தில் ஆசிட் வேலையே செய்யாது. வெறும் கான்கிரீட்டிலும் அது ஒரே சீராக அரிக்காது. சரியாகக் கழுவாவிட்டால் உப்பை விட்டுச் செல்லும். ஏற்கெனவே ஓதம் ஏறும் தளத்தில் மேலும் தண்ணீரையும் இறக்கிவிடும்.

வாக்குவம் இணைத்த தரை கிரைண்டரை வாடகைக்கு எடுங்கள். பழைய பெயின்டை நேரே டைமண்ட் செக்மென்ட்டால் (கிரைண்டரின் அடியில் பூட்டும் வெட்டுத் துண்டு) தேய்த்தால் பெயின்ட் சூட்டில் இளகிச் செக்மென்ட்டில் அப்பிக்கொள்ளும், பிறகு அது வெட்டாது. முதல் சுற்றுக்குப் பெயின்ட் சுரண்டுவதற்கென்றே இருக்கும் பிசிடி (செயற்கை வைரத் துணுக்கு பதித்த) செக்மென்ட், அடுத்த சுற்றுக்கு 30 அல்லது 40 கிரிட் மெட்டல் டைமண்ட். சுவரோரத்தில் பெரிய இயந்திரம் எட்டாது. அங்கே தூசு மூடி போட்ட கை கிரைண்டர். ஓரத்தைச் சோம்பலில் விட்டால் உரிதல் அங்கிருந்துதான் தொடங்கும். முடிந்தபின் தரை நடுத்தரமான உப்புத்தாள் போலக் கைக்குத் தட்ட வேண்டும். தண்ணீர் சொட்டினால் ஒரு நிமிடத்துக்குள் உறிஞ்ச வேண்டும். முத்தாக நின்றால் அந்த இடம் இன்னும் தயாராகவில்லை.

ஆயில் கறையைக் கிரைண்டிங்குக்கு முன்பே காரமான டிகிரீசர் போட்டுத் தேய்த்து, அழுக்கு நீரை வாக்குவத்தால் உறிஞ்சி எடுங்கள். எடுக்காமல் இயந்திரத்தை ஓட்டினால் ஆயில் தரை முழுக்கப் பரவும். கிரைண்டிங் முடிந்ததும் அதே இடத்தில் மறுபடி தண்ணீர்ச் சோதனை. கறை நிறம் மிஞ்சினால் பரவாயில்லை, தண்ணீரை உறிஞ்சுகிறதா என்பதே கணக்கு.

கான்கிரீட் தூசியில் சிலிகா இருக்கிறது, அது நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். துணி முகமூடி போதாது. முகத்தில் இடைவெளியில்லாமல் பொருந்தும் துகள் வடிகட்டி முகக்கவசமும், ஹெப்பா வடிகட்டி உள்ள வாக்குவமும் வேண்டும்.

பதில் 1

மூலையை விட்டுவிட்டோம். வெள்ளைப் பொடி என்பது தண்ணீர் கீழிருந்து கரைத்துக் கொண்டுவந்த உப்பு. அந்த மூலைக்கு வெளியே மழைநீர்க் குழாய் இறங்குகிறதா, மண்மட்டம் தளத்தைவிட உயரமா என்று பாருங்கள்.

கிரைண்டிங் முடிந்த வெறும் கான்கிரீட்டில் 45 செ.மீ. சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் வையுங்கள். மூலையில் ஒன்று, நடுவில் ஒன்று, கதவருகே ஒன்று. தாளின் அடியில் நீர்முத்து இருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது. பெயின்ட் மேல் இந்தச் சோதனை செய்வதில் பயனில்லை. நேர் வெயில் படும் இடமும் கூடாது. தாள் உலர்ந்தே இருந்தாலும் அது "இன்றைக்கு இல்லை" என்பதுதான். சந்தேகம் இருந்தால் தளத்தில் துளையிட்டு உள் ஈரப்பதம் அளக்கும் கருவி இன்னும் நம்பகமானது.

கேட்டவர்

ஆமாம், குழாய் அந்த மூலைக்கு நேர் வெளியேதான் விடுகிறது. அதைச் சுவரிலிருந்து 2 மீட்டர் தள்ளிவிட்டுவிட்டேன். கிரைண்டிங் முடித்து மூன்று வாரம் கழித்துத் தாள் ஒட்டினேன். நடுவிலும் கதவருகிலும் உலர்வு. மூலையில் நீர்முத்து இல்லை, இலேசாகக் கறுத்திருக்கிறது.

பதில் 1

அப்படியானால் சாதாரண பிரைமர் வேண்டாம். ஓதம் தடுக்கும் எபாக்சி பிரைமர் என்று தனியாகவே வருகிறது. அதையே தளம் முழுக்கப் போடுங்கள். மூலைக்கு மட்டும் போட்டால் தடுக்கப்பட்ட ஈரம் பக்கவாட்டில் நகர்ந்து அடுத்த இடத்தில் ஏறும். டப்பாவில் குறித்த அளவைக் குறைக்காதீர்கள். இந்தவகைப் பிரைமர் தடிமனால்தான் வேலை செய்கிறது. ஓர் ஊசித்துளை இருந்தாலும் அங்கே கொப்புளம் வரும்.

விரிசலை வி வடிவில் 6 மி.மீ. ஆழம் வெட்டி, தூசு உறிஞ்சி, எபாக்சி பேஸ்ட்டால் நிரப்பி மட்டமாகத் தேய்க்கலாம். ஆனால் தளமும் சுவரும் சேரும் இடத்தில் உள்ள இடைவெளி அசைவதற்காகவே விட்டது. அதில் கெட்டியான எபாக்சி போகக் கூடாது, இளகும் சீலன்ட்தான்.

பதில் 3

மெட்டாலிக் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தத் தளத்துக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன், காரணம் உங்கள் வாட்டம். மெட்டாலிக்கின் அழகே சதுர மீட்டருக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஊற்றி, நிறமித் துகள்கள் தானாக ஓடிச் சுழிப்பதில்தான். 6 மீட்டரில் 6 செ.மீ. சரிந்தால் எல்லாம் கதவை நோக்கி ஓடி, பின்பக்கம் மெலிந்து, முன்பக்கம் தேங்கும். பளபளப்பான தரையில் சிறு கல் கீறினாலும் தெரியும், ஈரத்தில் வழுக்கும். நேர்மட்டமான வரவேற்பறைக்கு அது கொள்ளை அழகு.

ஃப்ளேக் வாட்டத்தைப் பொருட்படுத்தாது, சின்னச் சின்னச் சீரற்ற இடங்களை மறைக்கும், இயல்பாகவே பிடிமானம் தரும். 6 மி.மீ. ஃப்ளேக்கில் மூன்று நான்கு நிறக் கலவையாக எடுங்கள். அழுக்கும் டயர்த் தடமும் கண்ணில் படாது. அடி நிறத்தை ஃப்ளேக்கில் அதிகமாக உள்ள நிறத்துக்கு நெருக்கமாக வைத்தால் எங்காவது மெலிந்து விழுந்த இடமும் காட்டிக்கொடுக்காது.

கணக்கு எளிது: ஒரு லிட்டரை ஒரு சதுர மீட்டரில் பரப்பினால் ஒரு மி.மீ. தடிமன். உங்கள் 36 சதுர மீட்டருக்கு 100 சதவீதத் திடப்பொருள் உள்ள (எதுவும் ஆவியாகிப் போகாத) நிற எபாக்சி, 0.3 லிட்டர் வீதம் 10.8, 12 லிட்டர் வாங்குங்கள். ஃப்ளேக்கைத் தரை தெரியாமல் முழுக்கத் தூவ சதுர மீட்டருக்கு 0.7 கிலோ, அதாவது 25 கிலோ சொச்சம். 28 கிலோ வைத்துக்கொள்ளுங்கள், பாதியில் தீர்ந்தால் ஓடிப்போய் வாங்க நேரம் இராது. டாப்கோட் (கடைசி மேல்பூச்சு) 0.25 வீதம் 9. ஃப்ளேக் இடுக்குகள் குடிக்கும் என்பதால் 10 லிட்டர். டாப்கோட் எபாக்சியாக இருக்கக் கூடாது, கதவு வழி வரும் வெயிலில் மஞ்சளாகும். அலிஃபாட்டிக் பாலியூரித்தேன் அல்லது பாலியாஸ்பார்டிக் எடுங்கள்.

பதில் 2

பாலியாஸ்பார்டிக் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. வேலை செய்யும் அவகாசம் பெரும்பாலும் 15, 20 நிமிடம்தான், காற்றில் ஈரம் கூடினால் அதுவும் சுருங்கும். ரோலர் மடிப்புகள் அப்படியே உறைந்துவிடும். முதல்முறை செய்பவர் இருவராக இல்லாவிட்டால் மெதுவாக இறுகும் பாலியூரித்தேனே நல்லது என்பது என் கருத்து.

பதில் 3

ஒப்புக்கொள்கிறேன். இனி ஊற்றும் நாள். தரையின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும். காலையில் தொடங்காதீர்கள்: தளம் சூடேறும்போது கான்கிரீட்டுக்குள் இருக்கும் காற்று விரிந்து மேலே வந்து ஊசித்துளை போடும். வெயில் தாழ்ந்து தளம் ஆறும் நேரமே சரி, அப்போது காற்று உள்வாங்கும்.

3 லிட்டராகக் கலக்குங்கள். பல எபாக்சிகளில் ரெசின் (பிசின்) 2 பங்கு, ஹார்டனர் (அதை இறுகச் செய்வது) 1 பங்கு. உங்கள் டப்பாவில் உள்ள விகிதத்தை அளவுக் குவளையால் அளந்து, மெதுவாகச் சுழலும் டிரில்லில் 3 நிமிடம். வாளியின் சுவரையும் அடியையும் சுரண்டிக் கலந்து, இன்னொரு சுத்தமான வாளிக்கு மாற்றி மறுபடி 1 நிமிடம். உடனே முழுவதையும் தரையில் ரிப்பன் போல ஊற்றிவிடுங்கள். வாளியில் தேங்கினால் தன் சூட்டிலேயே கொதித்து இறுகும், தரையில் பரப்பினால் சூடு வெளியேறும். 3 லிட்டர் 10 சதுர மீட்டருக்கு வரும். 6 மீட்டர் நீளத்தில் 1.6 மீட்டர் அகலப் பட்டை. முன்பே சுவரில் குறித்து வையுங்கள். பல் வைத்த ஸ்க்வீஜியால் (ரப்பர் பட்டை இழுப்பான்) இழுத்து, நார் உதிராத 9 மி.மீ. ரோலரால் குறுக்கே சமப்படுத்துங்கள்.

ஃப்ளேக்கைத் தரையை நோக்கி எறியாமல், மேல்நோக்கி வீசித் தானாக விழவிட வேண்டும். அடுத்த பட்டை சேரும் ஓரத்தில் 30 செ.மீ. ஃப்ளேக் இல்லாமல் விடுங்கள், இல்லையேல் சேர்ப்பு முண்டு முண்டாகத் தெரியும். மறுநாள் தட்டைச் சுரண்டியால் இரு திசையிலும் இழுத்து நிமிர்ந்த ஃப்ளேக்குகளை ஒடித்து, வாக்குவம் செய்து, டாப்கோட்.

தோலில் ஹார்டனர் படக் கூடாது. ஒவ்வாமை ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுக்க விடாது. நைட்ரைல் கையுறை போடுங்கள்; பட்டால் தின்னர் அல்ல, சோப்பும் தண்ணீரும்.

கேட்டவர்

பிரைமர், அடிக்கோட், ஃப்ளேக் முடிந்து 24 மணி நேரம். ஏறக்குறைய தரை முழுவதும் கல் மாதிரி இறுகிவிட்டது. கதவருகே கடைசிப் பட்டையில் மட்டும் கை அகலத்தில், அரை மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு இன்னும் பிசுபிசுக்கிறது; சுரண்டியால் ஃப்ளேக் நகர்கிறது. எத்தனை நாள் பொறுத்தால் இறுகும்?

பதில் 2

கடைசி வாளியைக் கவிழ்த்து வைத்தோ சுவரைச் சுரண்டியோ தரையில் ஊற்றினீர்களா?

கேட்டவர்

ஆம், வீணாகக் கூடாதென்று சுரண்டி ஊற்றினேன்.

பதில் 2

அதுதான். வாளிச் சுவரில் ஒட்டியிருந்தது ஹார்டனர் சேராத ரெசின். கலவை விகிதமே தவறியிருந்தால் பட்டை முழுக்க இளகியிருக்கும். கோடாக இளகினால் அது சுரண்டிய வாளி. ஒரு மாதம் பொறுத்தாலும் இறுகாது, ஹீட்டர் வைத்தாலும் இறுகாது. மேலே டாப்கோட் மட்டும் போட்டுவிடாதீர்கள்: அது நெளிந்து சுருங்கும், முதல் டயருக்கே கிழியும்.

இளகிய பகுதியைச் சுரண்டியால் பிரைமர் வரை முழுக்க எடுங்கள். மிச்சப் பிசினை அசிட்டோன் தொட்ட துணியால் துடையுங்கள், துணியை அடிக்கடி மாற்றுங்கள். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும், எனவே கதவைத் திறந்து வைத்து, நெருப்பு எதுவும் அருகில் இல்லாமல் செய்யுங்கள். உலர்ந்ததும் அந்த இடத்தையும் சுற்றி 5 செ.மீ. அளவையும் 80 கிரிட் தாளால் மங்கலாகும்வரை தேயுங்கள். கை அகலம், அரை மீட்டர் என்றால் 0.05 சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். 50 மில்லி போதும். அவ்வளவு சிறிய அளவைக் குவளையில் அளந்தால் தவறும், எடை போடும் தராசில் டப்பாவில் குறித்த எடை விகிதப்படி கலக்குங்கள். கன அளவு விகிதமும் எடை விகிதமும் ஒன்றல்ல. அடித்து, மிஞ்சிய ஃப்ளேக்கைத் தூவி, மறுநாள் சுரண்டிச் சமமாக்குங்கள்.

பதில் 3

ஒரு நாள் தள்ளுவதால் மற்ற தரையின் மறுகோட் அவகாசம் (தேய்க்காமலே அடுத்த கோட் போடக்கூடிய நேரம்) தாண்டிவிடுமா என்று டப்பாவில் பாருங்கள். பல பொருள்களில் 24 மணி நேரம்தான். தாண்டினால் தரை முழுவதையும் 100 கிரிட் கம்பத் தேய்ப்பானால் ஒரு சுற்று இலேசாகத் தேய்த்து வாக்குவம் செய்துவிட்டு டாப்கோட் போடுங்கள். தேய்ப்பதற்கு முன் தரையில் மெழுகு போல வழுக்கும் படலம் இருக்கிறதா என்றும் கையால் தடவிப் பாருங்கள். குளிரும் ஈரமும் சேர்ந்தால் ஹார்டனரிலிருந்து அப்படிப் படரும். அதை வெந்நீரும் மென்மையான சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி, நன்றாக உலரவிட்ட பிறகே தேய்க்க வேண்டும். தின்னரால் துடைத்தால் அது பரவுமே தவிரப் போகாது.

டாப்கோட் முடிந்து 24 மணி நேரத்தில் நடக்கலாம். காரை 7 நாள் உள்ளே விடாதீர்கள். டாப்கோட் சீக்கிரம் இறுகினாலும் சக்கரத்தின் சுமையைத் தாங்கப்போவது அடியில் உள்ள எபாக்சி.