சீக்கோ 6139 மஞ்சள் டயல்: "விண்வெளிக்குப் போன மணிக்கூடு" எண்டு விலை சொல்லினம், என்னத்தைப் பாக்கிறது?

கோண்டாவில்_தம்பி:

வணக்கம். மானிப்பாய்ப் பக்கம் ஒரு வீட்டில பழைய சீக்கோ குரோனோகிராஃப் (நேரம் ஓடவிட்டு நிப்பாட்டி அளக்கிற மணிக்கூடு) ஒண்டு விலைக்கு இருக்கு. எண்பதுகளில சவூதியில இருந்து வந்ததாம். மஞ்சள் டயல், நீலமும் சிவப்புமான வெளி வளையம், 6 மணிப் பக்கம் ஒரு சின்ன வட்டம். "நாசாக்காரன் கட்டினது" எண்டு சொல்லி 95,000 ரூபா கேக்கினம்.

பாத்துக் குறிச்சது இவ்வளவு. பின்மூடியில 6139-6002, தொடர் இலக்கம் 65 இல தொடங்குது. டயலில "வோட்டர் 70 மீற்றர் புரூஃப்" எண்டு இருக்கு. ஆட்டினால் ஓடுது, கிரவுனை (பக்கத்தில இருக்கிற திருகுக் குமிழை) சுத்தினால் முறுக்கு ஏறேல்லை. மேல் பட்டனை அமத்த நடு முள் ஓடுது. கீழ்ப் பட்டனை அமத்தினால் பூச்சியத்துக்கு வராமல் ஒருக்கா 57 இல நிக்குது, ஒருக்கா 2 இல நிக்குது. டயலைச் சுத்தி இருக்கிற மஞ்சள் உள்வளையம் அசையவே இல்லை.

உண்மையிலேயே அந்த மாடல் தானோ? திருத்த ஏலுமோ? இல்லாட்டி இந்தக் காசை வைச்சு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர், சோவியத் ஸ்ட்ரெலா மாதிரி ஏதும் தேடுறது புத்தியோ?

---

பழைய_முள்:

தம்பி, கதையை ஒரு பக்கம், மணிக்கூட்டை மறுபக்கம் வைச்சுப் பாப்பம்.

கதை உண்மை, ஆனால் விக்கிறவர் சொல்லுற மாதிரி இல்லை. நாசாவின்ர ஸ்கைலாப் 4 விண்வெளிப் பயணத்தில (1973 நவம்பர் 16 புறப்பட்டு 1974 பெப்ரவரி 8 திரும்பினது, 84 நாள்) விண்வெளி வீரர் வில்லியம் போக் தன்ர சொந்த மஞ்சள் 6139 ஐக் கொண்டு போனார். 1972 இல விமானப்படைத் தளத்துக் கடையில தானே காசு குடுத்து வாங்கினது. பயிற்சியில அதோட கை பழகினபடியால், அனுமதி கேளாமல் உடுப்புப் பையில வைச்சுக்கொண்டு போனார். நாசா அவருக்குக் குடுத்தது ஒமேகா ஸ்பீட்மாஸ்டர். ஆகவே "நாசா மணிக்கூடு" எண்ட பேச்சு சீக்கோவுக்குப் பொருந்தாது. இது வெளியில தெரியவர முதல், விண்வெளிக்குப் போன முதல் தானியங்கி (கை அசையத் தானே முறுக்கேறுற) குரோனோகிராஃப் எண்ட பேர் 1985 இல ஸ்பேஸ்லாப் டி1 பயணத்தில ரைன்ஹார்ட் ஃபூரர் கட்டின சின் 140 எண்ட ஜெர்மன் மணிக்கூட்டிட்ட இருந்தது.

போக்கின்ர மணிக்கூடு 6139-6005. 2008 இல ஏலத்தில 5,975 டொலருக்குப் போச்சுது. அதுவே அசல் மணிக்கூட்டுக்குக் கிடைச்ச விலை எண்டதையும் மனசில வைச்சுக்கொள்ளுங்கோ. இப்ப சேகரிக்கிற ஆக்கள் 6000, 6002, 6005 மூண்டின்ர மஞ்சள் டயலையும் பொதுவாப் "போக்" எண்டுதான் கூப்பிடினம். அதில பிழை பிடிக்க ஒண்டுமில்லை, விலை ஏத்துற காரணமாகவும் அதை எடுக்க ஏலாது.

இனி இலக்கம். சீக்கோ தொடர் இலக்கத்தின்ர முதல் எண் ஆண்டின்ர கடைசி எண், இரண்டாவது மாதம் (1 முதல் 9 வரை, பிறகு ஒக்ரோபர், நவம்பர், டிசம்பருக்கு அந்தந்த மாதத்தின்ர ஆங்கில முதலெழுத்து, ஒக்ரோபருக்குச் சிலவேளை பூச்சியம்). 6139 விற்பனைக்கு வந்தது 1969, எழுபதுகளின்ர முடிவோட நிண்டது. அப்ப உங்கட 65 எண்டால் 1976 மே. போக் வாங்கி நாலு வருசத்துக்குப் பிறகு.

அங்கதான் இடிக்குது. டயலில முதலில "புரூஃப்" எண்டு அடிச்சவை, பிறகு "ரெசிஸ்ட்" எண்டு மாத்தினவை, அதுக்குப் பிறகு அந்த வரியையே எடுத்துப்போட்டினம். 1976 மூடிக்கு "புரூஃப்" டயல் சேராது. ஒண்டில் முந்தின மணிக்கூட்டு டயலைப் பூட்டி இருக்கினம், அல்லது புதுசா அச்சடிச்ச டயல். மூடியும் கழட்டி மாத்தக்கூடிய பொருள்தான் எண்டதையும் மறக்காதேங்கோ.

எது எண்டு அறிய கஸ்தூரியார் வீதியில எந்த நகைக்கடையிலயும் இருக்கிற 10 மடங்குக் கண்ணாடி போதும். சின்ன வட்டத்துக்குள்ள மெல்லிய வளையக் கோடுகள் ஒண்டுக்குள்ள ஒண்டாக ஓடவேணும், சரிச்சு வெளிச்சத்தில பிடிச்சால் இசைத்தட்டு மாதிரி மினுங்கும். மாற்று டயலில அந்த இடம் பெரும்பாலும் மொழுமொழு எண்டு இருக்கும். எழுத்தின்ர விளிம்பு தடிச்சு ஊறின மாதிரி இருக்கிறதும் நல்ல அடையாளம் இல்லை. ஐம்பது வருச மஞ்சள் வெயில் பட்டு ஒரு பக்கமாவது மங்கியிருக்கும். எல்லா இடமும் ஒரே பளபளப்பு எண்டால் எனக்குச் சந்தேகம் வரும்.

மூடி திறக்க விட்டால் உள்ளுக்கு 6139ஏ எண்டு இருக்கோ 6139பி எண்டு இருக்கோ எண்டும் பாருங்கோ. ஏ முந்தினது, பி பிந்தினது. 1976 கேசுக்குள்ள (வெளிக்கூட்டுக்குள்ள) ஏ இருந்தால் அதுவும் கலவை.

---

பெரியகடை_லூப்:

திருத்துற பக்கம் நான் சொல்லுறன்.

கிரவுன் சுத்தினால் முறுக்கு ஏறாதது பழுதில்லை. 6139 இல கையால முறுக்கிற வசதியே கிடையாது. கிரவுன் சாதாரண நிலையில சுத்துறது உள்வளையத்தை. அரைவாசி அமத்தினால் திகதி மாறும், முழுக்க அமத்தினால் கிழமை மாறும், இழுத்தால் நேரம். இரவு 9 மணிக்கும் 1 மணிக்கும் இடையில திகதியை அமத்தி மாத்த வேண்டாம், அந்த நேரம் சில்லுகள் தானாக மாத்திற வேலையில நிக்கும். உங்கட உள்வளையம் அசையாததுதான் பழுது: ஊத்தை இறுகியிருக்கும் அல்லது வளையத்தைச் சுத்துற பல் தேய்ஞ்சிருக்கும். கிரவுனில பலம் போட்டுச் சுத்தாதேங்கோ, மிச்சப் பல்லும் போயிடும்.

பூச்சியத்துக்கு வராத முள்ளுக்கு ஒரு சின்னச் சோதினை. ஓடவிட்டு நிப்பாட்டிப் பூச்சியமாக்கி இப்படிப் பத்துத்தரம் செய்து, நிக்கிற இடத்தை எழுதுங்கோ. பத்துத்தரமும் ஒரே இடம் (உதாரணத்துக்கு எப்பவும் 58) எண்டால் முள் பிழையாப் பூட்டியிருக்கு, எடுத்துத் திருப்பிப் பூட்டினால் சரி. ஒவ்வொருதரமும் வேறை இடம் எண்டால் முள்ளின்ர குழாய் தண்டில தளர்ந்துபோய் வழுக்குது, அல்லது பூச்சியத்துக்கு அடிக்கிற சுத்தியல் பழைய எண்ணெய்ப் பிசினில இழுபட்டு முழுக்க இறங்கேல்லை. 57 உம் 2 உம் எண்டு நீங்கள் சொல்லுறதைப் பாத்தால் இரண்டாவது வகை.

தளர்ந்த முள்ளுக்குக் குழாயை அதுக்குரிய கருவியில வைச்சு மயிரளவு நெருக்கவேணும். சுப்பர் குளூ வைச்சு ஒட்டுற ஆக்கள் இருக்கினம். அந்தப் பசையின்ர ஆவி டயலிலயும் கண்ணாடியின்ர உட்பக்கத்திலயும் வெள்ளைப் பூப் பூக்கவைக்கும், அடுத்தமுறை கழட்டேக்கை முள்ளும் போகும் தண்டும் போகும்.

எல்லாத்திலயும் முக்கியமானது கிளட்ச். பழைய குரோனோகிராஃப் கனக்கதில ஒரு பல்சில்லு பக்கவாட்டால வந்து கொழுவும். 6139 இல கிளட்ச் மேலும் கீழுமா வேலை செய்யும், நடுச் சில்லோட ஒரே கட்டாக இருக்கும். அதாலதான் பட்டனை அமத்தேக்கை முள் துள்ளாமல் புறப்படுது. இந்தக் கட்டைப் பிரிக்கவும் கூடாது, மற்றச் சில்லுகளோட சேர்த்து அல்ட்ராசோனிக்கில போடவும் கூடாது, மேலால எண்ணெய் விடவும் கூடாது. உள்ளுக்கு இருக்கிற கிரீஸ் கழுவுப்பட்டால் முள் நடுங்கும். பிடிக்கிற முகத்தில எண்ணெய் ஏறினால் வழுக்கும், பட்டன் "டிக்" எண்டும், முள் நகராது. பழுதானால் முழுக் கட்டாகத்தான் மாத்திறது. வேலைக்குக் குடுக்க முதல் திருத்துறவரிட்ட "6139 இன்ர நடுச் சில்லை என்ன செய்வியள்?" எண்டு கேளுங்கோ. "கழட்டிக் கழுவி எண்ணெய் விடுவன்" எண்டு சொன்னால் நன்றி சொல்லிப்போட்டு வாங்கிக்கொண்டு வாங்கோ.

உதிரிப்பாகத்துக்குக் கவலைப்பட வேண்டாம். டயல் செத்த வேறை 6139 ஏதாவது (மூடியில 6139 க்குப் பிறகு 7 ஆயிர இலக்கம், 8 ஆயிர இலக்கம் எதெண்டாலும்) மலிவாக் கிடைச்சால் எடுத்து வையுங்கோ, உள் இயந்திரம் ஒண்டுதான். கேஸ், டயல், உள்வளையம் மட்டும் பொருந்தாது.

இன்னொண்டு. நகைக்கடையில பொலிஷ் மோட்டரில ஒருக்காலும் குடுக்காதேங்கோ. மேற்பரப்பில இருக்கிற பிரஷ் கோடும் கேசின்ர கூர் விளிம்பும் இரண்டு நிமிசத்தில உருண்டுபோயிடும், திரும்ப வராது.

---

பண்ணைக்காற்று:

மூண்டாவது கேள்விக்குச் சுருக்கமா.

ஸ்பீட்மாஸ்டர் இந்தக் காசுக்கு வராது. வந்தால் அதில ஏதோ இருக்கு. நாசா 1965 மார்ச் 1 இல தேறினதாக அறிவிச்சது 105.003 எண்ட மாடல் இலக்கம். சந்திரனுக்குப் போனதுகள் பெரும்பாலும் 105.012, 145.012. இதுகளுக்குள்ள இருந்தது 321 இயந்திரம்: கொலம் வீல் (பட்டன் வேலையைக் கட்டுப்படுத்துற தூண் சில்லு), மணிக்கு 18,000 துடிப்பு. 145.022 இல 861 வந்தது: கொலம் வீல் இல்லை, 21,600 துடிப்பு. மூடியில சந்திரனைப் பற்றி எழுத்து வெட்டியிருந்தால் அது சந்திரனில நடந்த பிறகு செய்தது எண்டது சொல்லாமலே விளங்கவேணும், ஆனாலும் கனபேர் அதைக் காட்டித்தான் விக்கினம். 1988 இல வந்த சின்னத் தானியங்கி ஸ்பீட்மாஸ்டரை "மூன் வாச்" எண்டு தள்ளிவிடுறதும் உண்டு. பக்கவாட்டில பாருங்கோ: அதில கிரவுனும் பட்டன்களும் ஒரே மட்டத்தில இராது. பழைய டயலில இருந்த ட்ரிட்டியத்துக்கு 12.3 வருசத்தில பாதி போயிடும், அறுபதுகளின்ர டயல் இண்டைக்கு இருட்டில பளிச்செண்டு எரிஞ்சால் புதுசாப் பூசியிருக்கு.

ஸ்ட்ரெலா எங்கட பக்கத்துக்குப் பொருத்தம். 1965 மார்ச் 18 இல லியோனொவ் விண்ணில வெளிய வந்தபோது கட்டினது அதுதான். இங்கிலாந்தில அதையே "செக்கொண்டா" எண்ட பேரில வித்தவை, ஆகவே லண்டன் சொந்தங்களிட்ட சொல்லி வைக்கலாம். உள்ளுக்கு 3017 எண்ட இலக்கமும் 19 கல்லும் இருக்கவேணும். 3 மணிப் பக்க வட்டம் 45 நிமிசம் எண்ணும். 30 எண்டு இருந்தால் சீன இயந்திரம் போட்ட புதுசு அல்லது பிந்தின 3133. காதில வைச்சும் பிடிக்கலாம்: 3017 செக்கனுக்கு 5 தட்டு, மற்ற இரண்டும் 6. போனில துடிப்பு அளக்கிற செயலி 18,000, 21,600 எண்டு காட்டிப்போடும். வில்லங்கம் எங்கயெண்டால் 3017 இன்ர உதிரி இஞ்சை கிடையாது. 3133 க்கு இன்னும் தேடினால் எடுக்கலாம்.

---

கோண்டாவில்_தம்பி:

கண்ணாடியோட போய்ப் பாத்தாச்சு. சின்ன வட்டத்துக்குள்ள கோடு ஒண்டும் இல்லை, மொழுமொழு. மூடி திறந்து காட்டினவை, 6139பி. பத்துத்தரச் சோதினை: 57, 2, 58, 58, 1, 3, 57, 0, 2, 59. மூடி ரப்பர் தார் மாதிரி உருகியிருக்கு. கேஸ் பொலிஷ் படேல்லை, மேல் கோடுகள் வடிவாத் தெரியுது.

---

பழைய_முள்:

அப்ப டயல் மாற்று, முள் தளர்வு, உள்வளையம் பழுது. கேசும் பி இயந்திரமும் 1976 ஓட ஒத்துப்போகுது, அதுதான் இதில பெறுமதி. மூண்டு பழுதையும் ஒவ்வொண்டாகச் சொல்லி, கேசுக்கும் இயந்திரத்துக்கும் மட்டும் விலை பேசுங்கோ. இறங்கி வராட்டி விட்டுப்போட்டு வாங்கோ. 6139 அரிய சாமான் இல்லை, வளைகுடா போய்வந்த வீட்டு அலுமாரியள் இன்னும் கனக்கத் திறக்காமல் கிடக்கு.

வாங்கினால் அசல் டயல் தேடேக்கை "புரூஃப்", "ரெசிஸ்ட்" இரண்டும் எழுதாததை எடுங்கோ. அதுதான் உங்கட மே 1976 க்குரியது, அந்த இரண்டையும் விடச் சுலபமாவும் கிடைக்கும்.

---

பெரியகடை_லூப்:

உருகின ரப்பரைத் தகரத்தால சுரண்டாதேங்கோ. பல்லுக்குத்துற குச்சியால எடுத்து, இயந்திரம் வெளிய இருக்கேக்கை ஐசோபுரோப்பைல் அல்ககோலால துடையுங்கோ. புது வளையத்துக்குச் சிலிக்கோன் கிரீஸ் மெல்லிசாப் பூசவேணும். அதுக்குப் பிறகும் 70 மீற்றரை நம்பிக் கிணத்தடியில கட்டிக்கொண்டு நிக்க வேண்டாம். பட்டன் இரண்டுக்கும் உள்ள ரப்பரும் அதே வயசுதான், அதையும் மாத்தச் சொல்லுங்கோ.

மாரி தொடங்க முதல் இறுக்க மூடுற போத்தலில சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோட வையுங்கோ. பனையோலைப் பெட்டி வடிவுதான், ஆனால் ஈரத்தைப் பிடிச்சு வைச்சிருக்கும். பொட்டலத்தை மாதம் ஒருக்கா வெயிலில காயவைச்சால் போதாது, சூடான தாச்சியில மெல்லிய நெருப்பில வைச்சு எடுங்கோ.