மரப் புரொப்பெல்லர் நடுங்குகிறது, இன்ஜினைக் கழற்றலாமா?

20 சிசி பெட்ரோல் இன்ஜின், மரப் புரொப்பெல்லர், மாடல் விமானம். கோடையில் மேட்டுப்பாளையத்தில் ஒரு நடுக்கமும் இல்லை. இப்போது கோத்தகிரியில் பாதி திராட்டிலைத் தாண்டினாலே வால் வரை அதிர்கிறது. ஒரு ஸ்க்ரூவும் கழன்று விழுந்தது!

பதில்: அண்ணா, இன்ஜினைத் தொடாதீங்க. ஸ்பார்க் பிளக் கேப்பை எடுத்துவிட்டு, பிளேடு நுனியை ஒட்டி ஒரு குச்சியை நட்டு, கையால் சுற்றுங்க. இரண்டு நுனியும் ஒரே கோட்டில் கடக்கணும்.

பதில்: மலையில் காற்று மெலிசு; பெட்ரோல் கூடிப்போய் இன்ஜின் விக்கும். அதற்கு கார்புரேட்டரில் ஹை நீடிலை (வேகத்தில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் திருகு) துளி உள்ளே திருப்பினால் போதும். ஆனால் விக்கல் வேறு, நடுக்கம் வேறு. புரொப்பெல்லரை எப்படி வைத்திருந்தீங்க?

கேட்டவன்: ஐப்பசி மழை முழுக்க ஷெட்டில், ஆணியில் செங்குத்தாக.

பதில்: அதேதான். ஈரம் கீழ்ப் பிளேடில் இறங்கியிருக்கும். படுக்க வைக்கணும். பேலன்ஸரில் (இரண்டு பிளேடும் ஒரே எடையா என்று காட்டும் கருவி) போட்டுப் பாருங்க.

கேட்டவன்: நுனிகள் சரி. பேலன்ஸரில் எப்படி வைத்தாலும் கீழே தொங்கிய அதே பிளேடுதான் இறங்குகிறது. அடுப்பு பக்கம் வைக்கலாம் என்றார் அப்பா. மரம் வெடித்துவிடும் என்று பயந்து, பீரோ மேல் படுக்க வைத்தேன். பத்து நாள் கழித்து லேசான பிளேடில் இரண்டு கோட் வார்னிஷ். இப்போது பேலன்ஸரில் சமமாக நிற்கிறது. காய்ந்ததில் மரம் சுருங்கி, நடுவில் பிடிக்கும் ஹப் போல்ட்டும் தளர்ந்திருந்தது, இறுக்கிவிட்டேன். நேற்று முழு திராட்டில், வால் அசையவில்லை.