ஊன்றுகோபுரம்: ஒரு சொல் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். வீட்டுத் தோட்டத்தில் ஆன்டெனா கோபுரம் நிறுவுவதற்கான வழிகாட்டி ஒன்றைத் தமிழில் எழுதிவருகிறேன். இழுகம்பி (கோபுரம் சாயாமல் சுற்றிலும் தரையோடு இழுத்துக் கட்டும் கம்பி) இல்லாத கோபுரத்துக்கு என்ன சொல்லலாம் என்ற பேச்சில் "தனித்து நிற்கும் கோபுரம்", "தற்சார்புக் கோபுரம்" என்ற இரண்டு சொற்கள் நம் குழுவில் வந்திருக்கின்றன. இரண்டையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் வரைவை எங்கள் கொத்தனாரிடம் படித்துக் காட்டினேன். "தனித்து நிற்கும்" என்ற இடத்தில் கையமர்த்தி, "தானாகவே நின்றுகொள்ளும் என்றால் ஆறடிக் குழி எதற்கு? மூன்றடி போதாதா?" என்று கேட்டார். முப்பது ஆண்டுகளாக வீடு கட்டுகிறவர். அவரைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோய் விட்டது நம் சொல்.

இழுகம்பி உள்ள கோபுரத்தில் காற்றின் தள்ளுவிசையைக் கம்பிகள் வாங்கி, தள்ளிப் புதைத்த நங்கூரங்களுக்குக் கடத்திவிடும். இழுகம்பி இல்லாவிட்டால் கவிழ்க்கும் விசை முழுவதையும் அடித்தளக் கான்கிரீட்டும் அதைச் சுற்றிய மண்ணும்தான் தாங்க வேண்டும். கட்டுமானங்கள் தாங்க வேண்டிய சுமைகளைச் சொல்லும் இந்தியத் தரநிலையான ஐஎஸ் 875-இல் சென்னையின் அடிப்படைக் காற்றுவேகம் நொடிக்கு 50 மீட்டர், மதுரைக்கு 39. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் சென்னையில் சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன், மதுரையில் 900 சொச்சம். அரை சதுர மீட்டர் பரப்புள்ள ஆன்டெனாவை 12 மீட்டர் உயரத்தில் வைத்தால், சென்னையில் ஏறத்தாழ ஓர் ஆளின் எடையளவு விசை அந்த உச்சியைப் பக்கவாட்டில் தள்ளும். கோபுரச் சட்டத்தின் மீது மோதும் காற்றின் கணக்கு தனி. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த மறுநாள் எங்கள் தெருவில் ஒரு வேப்பமரம் வேரோடும் மண்ணோடும் பெயர்ந்து கிடந்தது. தண்டில் ஒரு கீறல்கூட இல்லை. ஆழம் போதாத கோபுரமும் அப்படித்தான் விழும்.

ஆகவே, எது இல்லை என்பதைச் சொல்லும் பெயரை விட, எது தாங்குகிறது என்பதைச் சொல்லும் பெயர் வேண்டும். நண்பர் ஒருவர் "அடிதாங்கி" என்றார். நல்ல முயற்சிதான். ஆனால் சுமையைத் தாங்குவது சுமைதாங்கி, இடியைத் தாங்குவது இடிதாங்கி. அந்த வரிசையில் அடிதாங்கி என்றால் அடி வாங்குவது என்றே காதில் விழும்.

என் முன்மொழிவு "ஊன்றுகோபுரம்". விதையை ஊன்றுகிறோம், பந்தற்காலை ஊன்றுகிறோம். மண்ணுக்குள் இறங்கிப் பிடிப்பது அந்த வினையிலேயே இருக்கிறது. ஊன்றுகோலை நினைவூட்டி, சாய்ந்து நிற்பது என்ற பொருளைத் தராதா என்று நீங்கள் கேட்கலாம். கோல் என்ற சொல் விலகியதும் அந்தச் சாய்வும் விலகிவிடுகிறது என்றே எனக்குப் படுகிறது. சொல்லை மாற்றி அதே கொத்தனாரிடம் மீண்டும் படித்தேன். "எத்தனை அடி ஊன்ற வேண்டும்?" என்றார். நான் எதிர்பார்த்த கேள்வி அதுதான். மண்ணையும் காற்றையும் கணக்கிட்டுத் தயாரிப்பாளர் தந்த வரைபடத்தை எடுத்து அவர்முன் விரித்தேன். கான்கிரீட் முழு வலுவைப் பெற 28 நாள் விட வேண்டும் என்பதையும் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார்.

இதற்கு இணையாக, கம்பி கட்டியதைக் "கம்பிக்கட்டுக் கோபுரம்" எனலாம். மின்வாரியக் கம்பத்தைப் பார்த்துப் பழகியவர்கள் "ஸ்டே கம்பி" என்பார்கள். வழிகாட்டியில் முதல் இடத்தில் இழுகம்பியோடு அதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். அடியில் கீல் வைத்துப் படுக்கவைக்கக்கூடியதற்கு மடக்குக் கட்டிலைப் போல "மடக்குக் கோபுரம்" போதும். அதைத் தூக்கும்போது தரையை விட்டு எழும்பும் அந்த முதல் கணத்தில்தான் இழுகயிற்றில் பாரம் மிக அதிகம். அதை மட்டும் தடித்த எழுத்தில் போடப்போகிறேன். கூடவே இன்னொன்றும் தடித்த எழுத்தில் இருக்கும்: கோபுரம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், உச்சியிலுள்ள ஆன்டெனாவையும் சேர்த்து, மின்கம்பியைத் தொடாத இடத்தில்தான் குழி.

இன்னும் ஒரு சொல் மீதி இருக்கிறது. கோபுரத்தைப் பகுதி பகுதியாக அடுக்கும்போது, நின்றுவிட்ட பகுதியின் உச்சியில் ஒரு குழாயை இறுகக் கட்டி, அதன் தலையிலுள்ள கப்பி வழியே அடுத்த பகுதியை மேலே ஏற்றுகிறோம் அல்லவா, அந்தக் குழாய். ஏற்றும் பகுதியை அதன் நடுவுக்குச் சற்று மேலே கட்டினால்தான் நிமிர்ந்து தொங்கும். ஆகவே குழாய் அந்தப் பகுதியின் பாதி நீளத்துக்கு மேல் துருத்தி நிற்க வேண்டும். கயிற்றைக் கோபுரத்தின் அடியிலும் ஒரு கப்பியில் திருப்பிவிட்டால், இழுக்கிறவர்கள் தொங்கும் பாரத்துக்கு நேர்கீழே நிற்க வேண்டியதில்லை. "கப்பிக்கழி" என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். துறைமுகத்திலோ சாரம் கட்டும் வேலையிலோ இருக்கிறவர்களிடம் இதற்குப் புழக்கத்தில் வேறு சொல் இருந்தால், என் சொல்லை அடித்துவிட்டு அதையே வைத்துக்கொள்கிறேன். கேட்டு எழுதுங்கள்.